பெயரைப் பறிகொடுத்த கருவேல மரம்

குட்டீஸ், கண்மாய்க் கரைகளில் கருவேல மரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஜோடி ஜோடியாக வெள்ளை முட்கள். பஞ்சு உருண்டை போல மஞ்சள் பூக்கள். மணிமாலை போன்ற காய்கள். அந்தக் காய் என்றால் ஆடுகளுக்குக் கொள்ளை ஆசை!

இதன் அறிவியல் பெயரைப் பழைய புத்தகத்தில் தேடினால் 'அக்கேசியா நிலோட்டிகா' என்று இருக்கும். புதிய புத்தகத்திலோ 'வச்செல்லியா நிலோட்டிகா'! மரம் அதேதான். பெயர் மட்டும் ஏன் மாறியது?

அறிவியல் பெயரில் முதல் சொல் பேரினத்தைக் குறிக்கும். நம் இனிஷியல் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரே மூதாதையிடமிருந்து வந்த செடிகளுக்குத்தான் ஒரே இனிஷியல்.

அந்தக் காலத்தில் பூவையும் காயையும் பார்த்தே உறவைக் கண்டுபிடித்தார்கள். அப்படித்தான் 1,300-க்கும் மேற்பட்ட சிற்றினங்கள் 'அக்கேசியா' என்ற ஒரே பேரினத்தில் சேர்ந்தன.

பிறகு டி.என்.ஏ. ஆய்வு வந்தது. தாய்ச் செடியிலிருந்து சேய்ச் செடிக்கு டி.என்.ஏ. போகும்போது அதில் சிறுசிறு மாற்றங்கள் நிகழும். ஒரே மாதிரி மாற்றங்கள் நிறைய இருந்தால், நெருங்கிய சொந்தம் என்று அர்த்தம்.

ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு ஆச்சரியம்! ஆஸ்திரேலிய அக்கேசியாக்களுக்குக் கருவேலத்தைவிட, நம் சாலையோரத் தூங்குமூஞ்சி மரமே நெருங்கிய சொந்தமாக இருந்தது. எனவே அக்கேசியாவை ஐந்து பேரினங்களாகப் பிரிக்க வேண்டியதாயிற்று.

பழைய பெயர் யாருக்கு? இங்கேதான் சண்டை! எகிப்தின் முள்மரத்தைக் கிரேக்கர்கள் அழைத்த பெயரிலிருந்துதான் 'அக்கேசியா' வந்தது. அந்தப் பேரினத்துக்கு மாதிரியாக வைக்கப்பட்டதும் கருவேலம்தான். விதிப்படி பெயர் அதற்கே சொந்தம். ஆனால் ஆஸ்திரேலியப் பக்கம் சுமார் ஆயிரம் சிற்றினங்கள். அத்தனைக்கும் பெயர் மாற்றுவதா? 2005-ல் வியன்னாவில் கூடிய தாவரவியல் மாநாடு, பெயரை ஆஸ்திரேலிய மரங்களுக்குக் கொடுத்தது. ஆப்பிரிக்க விஞ்ஞானிகள் பலர் எதிர்த்தார்கள். 2011-ல் மெல்போர்ன் மாநாட்டிலும் அதே முடிவுதான்.

இதனால், ஆஸ்திரேலியாவிலிருந்து ஊட்டிக்கு வந்த வாட்டில் மரம் இன்றும் அக்கேசியா. நம் சீயக்காய், செனகேலியா ஆகிவிட்டது. கருவேலம், வச்செல்லியா. இந்தப் பெயர் புதிதல்ல. சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலை பார்த்த ராபர்ட் வைட், தன் நண்பர் ஆர்னட்டுடன் சேர்ந்து 1834-லேயே கருவேலத்தின் உறவுக்கார மரம் ஒன்றுக்கு வைத்த பெயர் அது!

இனி எங்காவது 'அக்கேசியா நிலோட்டிகா' என்று படித்தால், அச்சுப்பிழை என்று நினைக்காதீர்கள். அது கருவேலத்தின் பழைய இனிஷியல்!