திருடன் செத்தால் வீட்டுக்காரர் கொலைகாரரா?

நள்ளிரவு இரண்டு மணி. ஆயர் ஈத்தாமில் ஒரு தரை வீடு என்று வைத்துக்கொள்வோம். பின்கதவை உடைத்துக்கொண்டு, கையில் பாராங் கத்தியோடு ஒருவன் உள்ளே நுழைகிறான். வீட்டுக்காரர் பதறி எழுந்து, கைக்கு அகப்பட்ட இரும்புக் கம்பியை எடுத்து ஓங்கி அடிக்கிறார். அடி தலையில் விழுகிறது. வந்தவன் அங்கேயே இறந்துவிடுகிறான். பொழுது விடிந்ததும் விலங்கு மாட்டப்படுவது யாருக்கு? வீட்டுக்காரருக்கு!

“இது என்ன நியாயம்? அவன் வெட்டும் வரை கும்பிட்டுக்கொண்டு நிற்க வேண்டுமா?” என்று ஒரு தரப்பு கொதிக்கிறது. “அவனும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே! உயிரை எடுக்க யார் அதிகாரம் கொடுத்தது?” என்று மறு தரப்பு கேட்கிறது. எந்த அரங்கில் இந்தத் தலைப்பை எடுத்தாலும் கூட்டம் இப்படித்தான் இரண்டாகப் பிரியும். இரு தரப்பாரும் கவனிக்கத் தவறும் செய்தி ஒன்று உண்டு. அந்த அதிகாரத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. ஆனால் அதற்கு நேரமும் குறித்திருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

1860-இல் இந்தியாவில் இயற்றப்பட்ட தண்டனைச் சட்டம், 1871-இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றப் பகுதிக்கும் வந்து சேர்ந்தது. இன்றைய மலேசியத் தண்டனைச் சட்டம் அந்த வழியில் வந்ததுதான். அதன் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை.

உயிர் போய்விடும் அல்லது கடுமையான காயம் ஏற்படும் என்று நியாயமாக அஞ்சும்படி தாக்கப்படுபவர், தாக்குகிறவனின் உயிரைப் பறிக்க நேர்ந்தாலும் குற்றமில்லை என்கிறது 100-ஆவது பிரிவு. கொள்ளை, இரவில் வீட்டை உடைத்து நுழைதல் ஆகியவற்றுக்கும் இந்த உரிமை உண்டு என்கிறது 103-ஆவது பிரிவு.

அடுத்து வரும் கட்டுப்பாட்டைத்தான் பலர் அறிவதில்லை. தற்காப்புக்குத் தேவையான அளவை மீறி அடிக்கக் கூடாது என்று 99-ஆவது பிரிவு எல்லை வகுக்கிறது. போலீசின் உதவியை நாட அவகாசம் இருந்தால் இந்த உரிமையே இல்லை. ஆபத்து பற்றிய அச்சம் நீடிக்கும் வரைதான் உரிமையும் நீடிக்கும் என்று 102-ஆவது பிரிவு சொல்கிறது.

‘தற்கொல்லியை முற்கொல்’ என்பது நம் முன்னோர் வாக்கு. சட்டமும் ஏறக்குறைய அதையேதான் சொல்கிறது. ஆனால், வந்தவன் கத்தியைப் போட்டுவிட்டு முதுகைக் காட்டி ஓடத் தொடங்கிய நொடியில் அவன் தற்கொல்லி இல்லை. அதற்குப் பிறகு விழும் அடி தற்காப்பு ஆகாது.

நாற்காலியும் கிரிக்கெட் மட்டையும்

2019 ஆகஸ்ட் மாதம் தமிழ்நாட்டின் கடையம் அருகே நடந்ததை உலகத் தமிழர்கள் அனைவரும் கண்காணிப்புக் கேமரா படத்தில் பார்த்தார்கள். வீட்டு வாசலில் அமர்ந்திருந்த முதியவரின் கழுத்தை முகமூடிக் கொள்ளையன் துணியால் இறுக்குகிறான். உள்ளேயிருந்து ஓடி வந்த மனைவி செருப்பையும் பிளாஸ்டிக் நாற்காலியையும் வீசுகிறார். முதியவரும் விடுபட்டு எழுந்து சேர்ந்துகொள்ள, அரிவாளோடு வந்த இருவரும் ஓட்டம் பிடிக்கிறார்கள். அந்தச் சுதந்திர தினத்தன்று தமிழக முதல்வர் அத்தம்பதிக்கு வீரச் செயலுக்கான விருது வழங்கினார்.

பிரிட்டனில் நடந்தது வேறு. 2008-இல் ஹை விக்கம் நகரில், பள்ளிவாசலிலிருந்து குடும்பத்தோடு வீடு திரும்பிய ஒருவரை முகமூடிக் கொள்ளையர்கள் கட்டிப்போட்டு, கத்தியைக் காட்டி மிரட்டினார்கள். அவர் தப்பித்து, தம் சகோதரரோடு கொள்ளையன் ஒருவனைத் தெருவில் துரத்திப் பிடித்தார். கிரிக்கெட் மட்டை முறியும் அளவுக்கு அடி விழுந்தது. அவனுடைய மூளையே பாதிக்கப்பட்டது. 2009 டிசம்பரில் வீட்டுக்காரருக்கு முப்பது மாதச் சிறை. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 2010 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கருணை காட்டித் தண்டனையை நிறுத்திவைத்து அவரை விடுவித்தது. ஆனாலும் ‘குற்றவாளி’ என்ற தீர்ப்பு மாறவில்லை.

இருவருமே கொள்ளைக்கு ஆளானவர்கள்தான். ஒருவர் விருது வாங்கினார், மற்றவர் சிறைக்குப் போனார். கடையத்தில் வாசலோடு சண்டை முடிந்தது. ஹை விக்கமில் தெரு வரை போனது.

தீர்ப்புக்கு முன்பே தண்டனையா?

மலேசியாவில் கொலைக் குற்றம் 302-ஆவது பிரிவின் கீழ் வருகிறது. 2023 ஜூலை முதல் கட்டாய மரண தண்டனை இல்லை என்றாலும், மரண தண்டனை அல்லது 30 முதல் 40 ஆண்டுகள் வரை சிறை என்பதே நிலை. நல்லெண்ணத்தோடு தற்காத்துக்கொள்ளும்போது எல்லை மீறிவிட்டால் அது கொலை ஆகாது. மரணம் விளைவித்த குற்றமாகக் குறையும். அதற்கும் 30 ஆண்டுகள் வரை சிறை உண்டு.

தற்காப்பு என்று சொல்பவரே அதை மெய்ப்பிக்கவும் வேண்டும். இலங்கையிலிருந்து லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற ஜெயசேன வழக்கில் இது உறுதியானது. சந்தேகத்துக்கே இடமில்லாமல் நிரூபிக்கத் தேவையில்லை. ‘இப்படித்தான் நடந்திருக்கும்’ என்று நீதிபதி நம்பும் அளவுக்குக் காட்டினால் போதும்.

உண்மையான வேதனை வேறு இடத்தில் இருக்கிறது. கொலைக் குற்றச்சாட்டுக்குச் சாதாரணமாக ஜாமீன் கிடைக்காது. பெண்கள், 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள், நோயாளிகள் ஆகியோருக்கு மட்டுமே நீதிமன்றம் விதிவிலக்கு காட்டலாம். ஆகவே லெபோ லைட் உயர்நீதிமன்றத்தில் கடைசியில் விடுதலையே கிடைத்தாலும், அதுவரை குடும்பத் தலைவர் சிறையில்தான் இருப்பார். வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் தீர்ப்புக்காகக் காத்திருக்குமா?

அதனால்தான் குற்றம் சாட்டுவதற்கு முன் எடுக்கப்படும் முடிவு முக்கியமாகிறது. 2012-இல் மதுரையில், குடிபோதையில் மகளிடம் முறைதவறி நடந்த கணவனை மனைவி கிரிக்கெட் மட்டையால் அடித்ததில் அவன் இறந்தான். விசாரித்த மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அஸ்ரா கர்க், 100-ஆவது பிரிவைச் சுட்டிக்காட்டி அந்தத் தாயை விடுவித்தார். மலேசியாவில் அந்த முடிவு சட்டத்துறைத் தலைவரின் கையில் உள்ளது. குற்றம் சாட்டவும், சாட்டியதைக் கைவிடவும் கூட்டரசு அரசியலமைப்பின் 145(3) பிரிவு அவருக்கு அதிகாரம் தந்திருக்கிறது. மக்கள் கேட்க வேண்டியது புதிய சட்டத்தை அல்ல. இருக்கும் அதிகாரம் விரைவாகவும், காரணம் விளக்கப்பட்டும் பயன்படுத்தப்பட வேண்டும் என்பதைத்தான்.

நாம் செய்ய வேண்டியது என்ன?

உயிருக்கு ஆபத்து என்றால் போராடுங்கள், தயங்காதீர்கள். திருடன் ஓடினால் ஓட விடுங்கள். விழுந்துவிட்டால் மேலும் அடிக்காதீர்கள். உடனே 999-க்கு அழைத்து, போலீசோடு ஆம்புலன்சும் கேளுங்கள். கத்தியையோ கம்பியையோ தொடாதீர்கள், இரத்தத்தைக் கழுவாதீர்கள். உங்கள் உடம்பில் உள்ள சிறு கீறலையும் மருத்துவரிடம் காட்டிப் பதிவு செய்யுங்கள். வழக்கறிஞரைப் பார்க்கும் உரிமையைக் கேட்டுப் பெறுங்கள்.

நாளைக்கு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசப் போகும் சாட்சிகள் அவைதாம். போன சங்கிலியை மறுபடி வாங்கிக்கொள்ளலாம். கோபத்தில் கூடுதலாக விழுந்த ஓர் அடியைத் திரும்ப வாங்க முடியாது.