வேலை கேட்ட பெண்ணிடம் இப்படியும் ஒரு கேள்வி!

"கடைசியாக மாதவிலக்கு ஆன தேதி என்ன?"

இந்தக் கேள்வியைத் தாயார் கேட்கலாம். டாக்டர் கேட்கலாம். வேலை கொடுக்கிற ஆபீஸ் கேட்கலாமா?

கேட்டது! அது சின்னக் கம்பெனியும் அல்ல. நாட்டுக்கே சொந்தமான ஆயுள் இன்சூரன்ஸ் கார்ப்பரேஷன். டெல்லியில், 1989-ம் வருடம் நடந்த சங்கதி இது.

அங்கே உதவியாளர் வேலைக்கு ஒரு பெண் மனுச் செய்தார். பரீட்சையில் தேறினார். பேட்டியிலும் தேறினார். பிறகு ஒரு பாரத்தைக் கொடுத்துப் பூர்த்தி செய்யச் சொன்னார்கள்.

மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? வலி உண்டா? எத்தனை தடவை கர்ப்பம் ஆனது? கருச்சிதைவு உண்டா? இப்போது கர்ப்பமா? எல்லாம் அந்தப் பாரத்தில் இருந்தன.

அவர் பூர்த்தி செய்து கொடுத்தார். கார்ப்பரேஷன் ஏற்பாடு செய்த பெண் டாக்டரும் அவரைச் சோதித்தார். வேலைக்கு ஏற்ற உடம்புதான் என்று எழுதிக் கொடுத்தார். செப்டம்பர் மாதம் வேலை கிடைத்தது. முதல் ஆறு மாதம் தற்காலிகம்.

குழந்தை பிறந்தது, வேலை போனது

டிசம்பர் கடைசியில் பிரசவ லீவு எடுத்தார். 1990 ஜனவரி 11-ந் தேதி குழந்தை பிறந்தது. பிப்ரவரி 13-ந் தேதி அவரை வேலையில் இருந்து நீக்கி விட்டார்கள். அப்போது குழந்தைக்கு வயது 33 நாள்!

பாரத்தில் அவர் எழுதிய தேதி வேறு, ஆஸ்பத்திரியில் இருந்த தேதி வேறு, ஆகவே பொய் சொல்லி விட்டார் என்பது கார்ப்பரேஷனின் வாதம். வேலையும் திருப்தி இல்லை என்றார்கள்.

டெல்லி ஐகோர்ட்டு அவருடைய மனுவைத் தள்ளி விட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டு தேதியும் ஒத்துப் போகவில்லை என்பது உண்மைதான். ஆனால், நீதிபதிகள் அதோடு நிற்கவில்லை. அந்தக் கேள்வியைக் கேட்டதே சரியா என்று பார்த்தார்கள்.

1991 அக்டோபர் 31-ந் தேதி தீர்ப்பு வந்தது. அவர் சரியாக வேலை பார்க்கவில்லை என்பதற்கு ஆதாரம் இல்லை. உண்மையான கோளாறு அந்தப் பாரத்தில்தான் இருக்கிறது. இவை பெண்ணைக் கூச வைக்கும், தலைகுனிய வைக்கும் கேள்விகள். இவற்றை எடுத்து விடுவது நல்லது என்று கார்ப்பரேஷனுக்குச் சொன்னார்கள். அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைத்தது.

எதற்காகக் கேட்கிறார்கள்?

முதலாளி பக்கத்தையும் பார்ப்போம். பஸ் ஓட்டுகிறவருக்குக் கண் நன்றாகத் தெரிய வேண்டும். உயரத்தில் ஏறி வேலை செய்கிறவருக்குத் தலை சுற்றக் கூடாது. கல் உடைக்கிற இடத்தில் நெஞ்சை எக்ஸ்ரே எடுப்பது தொழிலாளியின் உயிரைக் காப்பதற்காக. இவற்றைக் குறை சொல்ல முடியாது.

ஆனால், லீவுச் சம்பளம் எவ்வளவு ஆகும், வைத்தியச் செலவு எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் பார்த்து ஆளைக் கழிப்பதற்காகவும் கேட்பது உண்டு. மேஜையில் உட்கார்ந்து கணக்கு எழுதும் வேலைக்கும் கருச்சிதைவுக்கும் வேறு என்ன சம்பந்தம்?

இதற்குச் சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1997-ல் ஒரு வழி சொன்னது. சோதித்த டாக்டர், 'இந்த வேலைக்கு ஏற்றவர்' அல்லது 'ஏற்றவர் அல்ல' என்ற முடிவை மட்டும் முதலாளிக்குச் சொன்னால் போதும். வியாதியின் பெயரைச் சொல்லக் கூடாது. இது சட்டம் அல்ல, யோசனைதான். ஆனாலும் நல்ல யோசனை.

ஏன் என்றால், டாக்டர் எழுதிய காகிதம் டாக்டரிடமே இருப்பதில்லை. குமாஸ்தா பார்க்கிறார், மேஸ்திரி பார்க்கிறார். சாயங்காலம் டீக்கடையில் பேச்சு அடிபடுகிறது. காசநோய், வலிப்பு என்று ஒரு சொல் தெருவுக்கு வந்து விட்டால், வீட்டில் மகளுடைய கல்யாணப் பேச்சே நின்று போகிறது. தொழிலாளி சொன்னது வேலைக்காக. தண்டனையோ குடும்பத்துக்கு!

பெயர் இல்லாத தொழிலாளி

பம்பாயில் ஒரு கூலித் தொழிலாளி. அரசாங்கக் கார்ப்பரேஷன் ஒன்றில் தற்காலிகமாக வேலை பார்த்தார். ரத்தத்தைச் சோதித்தார்கள். எச்.ஐ.வி. கிருமி இருந்தது. வேலை செய்ய உடம்பில் வலு இருந்தும் அவருக்கு வேலை கொடுக்க மறுத்து விட்டார்கள்.

அவர் ஐகோர்ட்டுக்குப் போனார். பெயர் வெளியே வந்தால் ஊரில் தலை காட்ட முடியாது. ஆகவே, பெயருக்குப் பதிலாக 'எம்.எக்ஸ்.' என்ற எழுத்துக்களை மட்டும் போட்டு வழக்கு நடந்தது. வேலை செய்யத் தெம்பு இருக்கிறது, கூட இருப்பவர்களுக்கு ஆபத்து இல்லை என்றால், கிருமியை மட்டும் காரணம் காட்டி வேலையை மறுக்க முடியாது என்று 1997-ல் கோர்ட்டு சொல்லி விட்டது.

20 வருடம் கழித்து, 2017-ல், இதற்கென்றே பார்லிமெண்டில் சட்டம் வந்தது. 2018 செப்டம்பர் 10-ந் தேதி அமலுக்கு வந்தது. 'எச்.ஐ.வி. சோதனை செய்து கொண்டால்தான் வேலை' என்று நிபந்தனை போடக் கூடாது. விவரம் ஏற்கெனவே கையில் இருந்தால், அதைப் பிறர் கண்ணில் படாமல் பாதுகாப்பது நிர்வாகத்தின் கடமை.

100 பேருக்குக் குறையாமல் இருக்கிற ஒவ்வொரு ஸ்தாபனமும் இந்தச் சட்டப்படி ஒரு புகார் அதிகாரியை நியமிக்க வேண்டும். ஆஸ்பத்திரி என்றால் 20 பேர் இருந்தாலே போதும். உங்கள் மில்லில், உங்கள் ஆபீசில் அந்த அதிகாரி யார்? நாளைக்கே கேட்டுப் பாருங்கள்.