ஒண்ணு ஒண்ணா வரணும்: ஏர் கன் ஃபீடில் ஒளிஞ்சிருக்கிற இன்ஜினியரிங்

வீட்டிலேயே காற்றால் இயங்கும் பிபி கன் செய்து பார்க்கிறவங்க பெரும்பாலும் முட்டி நிற்கிற இடம் ஃபீடுதான். குண்டுகள் ஒவ்வொன்றாக, சிக்காமல் குழாய்க்குள் போகணும். கேட்க எளிது. ஆனா மெக்கானிக்கல் படிக்கிற நமக்கு இதுக்குள்ள நல்ல பாடம் இருக்கு மக்கா.

நாட்டு வடிவத்திலிருந்து தொடங்குவோம். சத்தீஸ்கரின் ஜக்தல்பூரில் தேர்த்திருவிழா நாட்களில் 'துப்கி' என்ற மூங்கில் துப்பாக்கி சத்தம் போடும். குண்டு, ஒரு காட்டுக்காய். குழாயின் முன்முனையை ஒரு காய் அடைத்திருக்கும். பின்னாலிருந்து இன்னொரு காயைக் குச்சியால் தள்ளினால் நடுவிலுள்ள காற்று இறுகி, முன்காய் 'டப்'பென்று பறக்கும். தள்ளிய காய் முன்முனைக்கு வந்து அடுத்த குண்டாகிவிடும். பிஸ்டனும் அதுவே, குண்டும் அதுவே!

அடுத்தது 1780-களில் ஆஸ்திரியப் படை பயன்படுத்திய கிரார்டோனி காற்றுத் துப்பாக்கி. குழலின் பக்கத்திலேயே இன்னொரு குழாய். அதில் சுமார் 20 ஈயக் குண்டுகள். முனையை மேலே தூக்கினால் குண்டுகள் தானாக உருண்டு கீழே வரும். குறுக்கே இருக்கும் கட்டையைத் தள்ளினால் அது ஒரே ஒரு குண்டை ஏந்தும். விட்டால் ஸ்பிரிங் அதைக் குழலுக்கு நேராகக் கொண்டு வரும். 1804-இல் கிளம்பிய லூயிஸ்–கிளார்க் பயணக் குழு அமெரிக்காவைக் கடந்தபோது ஒரு காற்றுத் துப்பாக்கியும் கூடப் போனது.

பிபி கன்னைப் பிரபலமாக்கிய டெய்சி கம்பெனி, முதலில் மிச்சிகனில் காற்றாலை செய்த கம்பெனி. 1880-களில் காற்றாலையோடு இலவசமாகக் கொடுத்த துப்பாக்கிக்கு மவுசு கூடி, கடைசியில் அதுவே தொழிலாகிவிட்டது. முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது சுவாரசியமான செய்திதானே?

சரி, குண்டு ஏன் சிக்குது? ஒரு புனலில் உருண்டைகளைக் கொட்டுங்க. வாய் அகலம் உருண்டை விட்டத்தைப் போல சுமார் 5 மடங்குக்குக் கீழே போனால், உருண்டைகள் ஒன்றையொன்று தாங்கி வளைவு கட்டிக்கொள்ளும். கல் பாலத்தின் வளைவு நிற்பது போலத்தான். நமக்கு வேண்டியதோ ஒரு உருண்டை மட்டும் நுழையும் வாய். அதனால் புவியீர்ப்பை மட்டும் நம்பினால் ஹாப்பர் அடைபடும்.

இதற்கு மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, முதலிலேயே ஒற்றை வரிசையில் அடுக்கி ஸ்பிரிங்கால் தள்ளுவது. இங்கே குழாயின் உள்விட்டம் முக்கியம். 6 மிமீ குண்டுக்கு 9 மிமீ குழாய் போட்டால் குண்டுகள் வளைந்து வளைந்து நிற்கும். ஸ்பிரிங்கின் விசை பக்கச் சுவரை அழுத்தி உராய்வைக் கூட்டும்.

இரண்டு, ஹாப்பருக்குள் ஒரு சின்ன மோட்டாரால் கிளறி, வளைவு கட்டும்போதே உடைப்பது.

மூன்று, காற்றைச் சுவரை ஒட்டிச் செலுத்தி உருண்டைகளைச் சுழல வைப்பது. நகரும் பாகம் கிடையாது. ஆனா காற்றை நிறையக் குடிக்கும். எத்தனை குண்டு வெளியே வரும் என்பது நம்ம கையில் இல்லை.

இனி கவனமாகக் கேளுங்க. 0.2 கிராம் குண்டு நொடிக்கு 100 மீட்டர் வேகத்தில் போனால் ஆற்றல் 1 ஜூல். எண் சின்னதுதான், கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். பிவிசி குழாயில் காற்றழுத்தம் ஏற்றினால் அது உடையும்போது கூரான சில்லுகளாகச் சிதறும். தண்ணீருக்குச் செய்த குழாயைக் காற்றுக்கு நம்பக் கூடாது. சட்டமும் இருக்கு: 2016 ஆயுத விதிகளின்படி 20 ஜூலுக்கு மேல் ஆற்றலோ 4.5 மிமீக்கு மேல் துளையோ உள்ள காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவை. 'புராஜெக்ட் சார்' என்று சொன்னால் போலீஸ் ஸ்டேஷனில் எடுபடாது.

அப்போ என்ன செய்யலாம்? துப்பாக்கியை விட்டுவிட்டு ஃபீடை மட்டும் செய்யுங்க. குழலும் வேண்டாம், கம்ப்ரசரும் வேண்டாம். வெட்டிய பாட்டில் ஒரு ஹாப்பர், கீழே தெளிவான அக்ரிலிக் குழாய், வாயில் ஒரு ஐஆர் சென்சார், எண்ணுவதற்கு ஒரு ஆர்டுயினோ. 100 உருண்டை விட்டு எத்தனை முறை சிக்குது என்று குறியுங்க. குழாய் விட்டத்தை மாற்றுங்க, கிளறும் வேகத்தை மாற்றுங்க. இந்த அட்டவணை போதும். வைவாவில் யார் கேட்டாலும் பதில் இருக்கும்.

இதே கேள்வி நம்ம வயலிலும் இருக்கு. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு பூ நெல் விளைகிற நாஞ்சில் நாட்டில் டிரம் சீடர் போன்ற நேரடி விதைப்புக் கருவிக்கு வேலை உண்டு. முளைகட்டிய விதை ஒட்டிக்கொண்டால் துளை அடைபடும். வரிசையில் இடைவெளி விழும். டிரம்மை முழுசாக நிரப்பாமல் விதை புரள இடம் விடுவது இதற்காகத்தான். காற்று உறிஞ்சும் விதைப்பு எந்திரங்களில் தட்டின் துளை விதையை விடச் சின்னது. ஒவ்வொரு துளையும் ஒரு விதையைப் பிடித்துக்கொள்ளும்.

குண்டானாலும் விதையானாலும் கணக்கு ஒண்ணுதான்: ஒரு தடவைக்கு ஒண்ணு. மினி புராஜெக்டுக்குத் தலைப்பு தேடிட்டு இருக்கியளா? நெல் விதை சிக்காத ஹாப்பர் ஒண்ணு செய்து பாருங்க. பக்கத்து வயல்காரர் ஒருத்தராவது வந்து விலை கேட்பார்.