கதவைத் திறந்து போட்டுப் பறந்தோம்

பத்திரிகை அட்டையில் பார்த்திருப்பீர்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு குட்டி விமானம், கீழே பச்சை வயல், தூரத்தில் ஏரி, மூக்கில் புரொபெல்லர் வட்டமாகக் கரைந்து மின்னுகிறது, ஓட்டுகிறவர் முகத்தில் சிரிப்பு. தரையில் நின்று பெரிய லென்ஸ் போட்டு எடுத்தது என்றுதான் பாதிப் பேர் நினைப்போம். மீதிப் பேர் ட்ரோன் என்று சத்தியம் செய்வார்கள். இரண்டும் இல்லை. அந்தப் படத்துக்கு இந்தப் பக்கம் இன்னொரு விமானம் பறந்துகொண்டிருக்கிறது. அதன் கதவு திறந்தே கிடக்கிறது. உள்ளே ஒருத்தன் இடுப்பு வார் இறுக, கழுத்தைத் திருகிக்கொண்டு, கண்ணில் நீர் வழிய உட்கார்ந்திருக்கிறான். அந்த ஒருத்தன் நான்! உடம்பு ஊர் வந்து சேர்ந்துவிட்டது, தலை மட்டும் இன்னும் இறங்கவில்லை. எழுத்து கொஞ்சம் ஆடினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குத் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுகிற இடம். வெளியூர்க்காரர் யார் வந்தாலும் அப்பன் வெங்கடேசப் பெருமாள் கோயிலுக்கு அழைத்துப் போய், வீரராஜேந்திர சோழன் காலத்தில் இங்கே பதினைந்து படுக்கையோடு ஆஸ்பத்திரி நடந்ததற்குக் கல்வெட்டு இருக்கிறது பாருங்கள் என்று பெருமை பேசுவோம். இப்போது கல்வெட்டைவிட ஜல்லி லாரிதான் அதிகம் கண்ணில் படும். நான் கல்யாணம், காதுகுத்து, கோயில் உற்சவம் எடுக்கிற கேமராக்காரன். உத்திரமேரூர், வாலாஜாபாத் வட்டாரத்து மண்டபங்களில் எந்த பிளக் பாயின்ட் வேலை செய்யாது என்பது வரைக்கும் தெரியும். எங்கள் மாவட்டத்தில் விமானம் என்று பேச்செடுத்தால் பரந்தூர் புது விமான நிலையத் திட்டத்தில்தான் போய் முடியும். அது வேறு கதை, வேறு கோபம்.

அக்காவும் மாமாவும் அமெரிக்காவில் மில்வாக்கியில் இருக்கிறார்கள். "வர்றதா இருந்தா ஜூலை கடைசியில வா மாப்ளே. ஓஷ்கோஷ் இங்கிருந்து ஒன்றரை மணி நேரம்தான்" என்றார் மாமா. என்ன ஓஷ்கோஷ், பேரே வாயில் நுழையவில்லையே என்றுதான் போனேன்.

போய்ப் பார்த்தால் வானமெல்லாம் விமானம். சொந்தமாக விமானம் கட்டிப் பறக்கிறவர்களுக்காக பால் போபரெஸ்னி என்பவர் 1953-ல் மில்வாக்கியில் ஒரு சங்கம் ஆரம்பித்தார். எக்ஸ்பெரிமென்டல் ஏர்கிராஃப்ட் அசோசியேஷன் என்று பெயர். கார் ஷெட்டில், மாட்டுக் கொட்டகையில், மனைவி திட்டத் திட்ட இறக்கை செய்கிறவர்களின் சங்கம். 1970-லிருந்து அவர்களுடைய வருடாந்திரத் திருவிழா ஓஷ்கோஷ் விட்மன் விமான நிலையத்திலேயே நடக்கிறது. அந்த ஒரு வாரத்தில் ஏறக்குறைய பத்தாயிரம் விமானங்கள் அந்த வட்டாரத்தில் வந்து இறங்கும். 2024-ல் வந்த கூட்டம் 6,86,000. வந்தவர்கள் விமானத்தைப் புல்லில் நிறுத்தி, இறக்கைக்கு அடியிலேயே கூடாரம் அடித்துப் படுத்துக்கொள்கிறார்கள். காலையில் பல் துலக்கும்போது அடுத்த வீட்டுக்காரர் 1930-களின் விமானம் ஒன்றிலிருந்து தலையை நீட்டி வணக்கம் சொல்கிறார்!

நம் பக்கமும் இந்தக் கிறுக்குக்கு இளைத்ததில்லை. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திய ஜியாகோமோ டி'ஏஞ்சலிஸ் தாமே ஒரு விமானத்தைத் திட்டமிட்டு, சிம்ப்சன் கம்பெனியில் செய்யச் சொல்லி, 1910-ல் மெட்ராஸில் பறந்து காட்டினார். ஓஷ்கோஷ் காலத்தில் இருந்திருந்தால் அவரும் கூடாரத்தோடு வந்திருப்பார், சமையல்காரரையும் கூட்டிக்கொண்டு.

திருவிழாவைவிட எனக்குப் பித்துப் பிடிக்க வைத்தது ஃபிஸ்க் என்கிற குக்கிராமம். ஓஷ்கோஷுக்கு வருகிற சின்ன விமானங்கள் ரிப்பன் என்ற ஊருக்கு மேல் வந்து, ரயில் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே ஃபிஸ்க் வரைக்கும் ஒற்றை வரிசையில் வரவேண்டும். முன்னால் போகிறவருக்கும் பின்னால் வருகிறவருக்கும் அரை மைல் இடைவெளி. 1,800 அடி உயரம். வேகம் 90 நாட், அதாவது மணிக்கு ஏறக்குறைய 167 கிலோமீட்டர். ஃபிஸ்கில் மேட்டில் நாற்காலி போட்டு, பிங்க் சட்டை போட்ட கட்டுப்பாட்டு அதிகாரிகள் பைனாகுலரும் மைக்குமாக உட்கார்ந்திருக்கிறார்கள். ராடார் பார்த்துக் கூப்பிடுவதில்லை, கண்ணால் பார்த்துக் கூப்பிடுகிறார்கள். "மேல் இறக்கை, வெள்ளை, இறக்கையை ஆட்டு!" ஓட்டுகிறவர் ரேடியோவில் பதில் பேசக் கூடாது. இறக்கையை இப்படியும் அப்படியும் ஆட்டவேண்டும், அவ்வளவுதான். "நல்ல ஆட்டு!" என்று பாராட்டு வேறு. ஒரே ஓடுபாதையில் ஆரஞ்சுப் புள்ளி, பச்சைப் புள்ளி என்று பெயின்ட் அடித்து, நீ இதில் இறங்கு, பின்னால் வருகிறவன் அதில் இறங்கட்டும் என்று ஒரே மூச்சில் பிரித்து விடுகிறார்கள். நெரிசல் நேரத்தில் மணிக்கு நூற்றுக்கும் மேற்பட்ட ஏற்றமும் இறக்கமும். சாலையோரம் நின்று அண்ணாந்து எடுத்தேன், எடுத்தேன், மெமரி கார்டு நிரம்பும் வரை எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் எல்லாமே வயிற்றுப் பகுதி. அத்தனை விமானங்களின் அடிவயிறு! தரையிலிருந்து எடுத்தால் அவ்வளவுதான் கிடைக்கும். விமானத்தின் முகம் வேண்டுமென்றால் அதன் உயரத்துக்கு நாம் போகவேண்டும்.

மாமாவின் சிநேகிதருக்குச் சிநேகிதர் ஒருவர், பால்பண்ணையை மகனிடம் விட்டுவிட்ட பெரியவர். அவரிடம் பைப்பர் ஜே-3 கப் என்கிற குட்டி விமானம் ஒன்று. பக்கத்துப் பண்ணையில் ஓய்வுபெற்ற டீச்சர் அம்மா, அவரிடமும் ஒரு கப். இரண்டும் ஒரே மஞ்சள். திருவிழாக் கூட்டம் கலைந்த பிறகு ஒரு சாயங்காலம் வரச் சொன்னார்கள். பணம் எவ்வளவு என்று கேட்டேன். அமெரிக்கச் சட்டப்படி கூலிக்குப் பயணியை ஏற்றிக்கொண்டு அணிவகுத்துப் பறக்கக் கூடாதாம். ஆகவே சிநேகம்தான் டிக்கெட். நம் நாட்டில் இதற்கு என்ன வழி என்று ஊரில் இருக்கும்போதே விசாரித்து வைத்திருந்தேன். 1937-ஆம் வருடத்து விமான விதிகளில் 13-வது விதி, பறக்கிற விமானத்திலிருந்து படமெடுக்க எழுத்தில் அனுமதி வேண்டும் என்கிறது. பயணிகள் விமானத்தில் ஜன்னலோரப் படத்துக்குத் தளர்வு உண்டு. கதவைக் கழற்றிப் போட்டு எடுக்கிறேன் என்று மனு எழுதிப் பார்க்கிற துணிச்சல் எனக்கு வரவில்லை.

"கதவு விஷயத்தை மட்டும் உங்க அக்காகிட்ட சொல்லிடாதே மாப்ளே. திரும்பி வந்ததும் நானே பக்குவமா சொல்றேன்" என்றார் மாமா. அக்கா காதில் விழுந்துவிட்டது. அந்தப் பகுதியைத் தணிக்கை செய்கிறேன்.

இனி உள் ரகசியங்கள். பறந்ததைவிடப் பேசியது அதிகம். புல்தரையில் இரண்டு தீக்குச்சியை வைத்து, எது முன்னால், எது பின்னால், யார் எந்தப் பக்கம் விலகவேண்டும் என்று பெரியவரும் டீச்சரம்மாவும் மாறி மாறி ஒப்பித்தார்கள். நாங்கள் போகிற விமானம் தன் பாட்டுக்கு அலுங்காமல் போகும். கிட்ட வருவது, தள்ளிப் போவது எல்லாம் டீச்சரம்மா வேலை. அவர் கண் எங்கள் விமானத்தைவிட்டு நகரக் கூடாது, வயலையோ ஏரியையோ பார்க்கக் கூடாது. ஒரு கணம் எங்களைக் காணவில்லை என்றாலும் உடனே வெளிப்பக்கம் ஒதுங்கிவிட வேண்டும். வேறு விமானம் வருகிறதா, கீழே கம்பி கோபுரம் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு பேருக்கும் சேர்த்துப் பெரியவர் பொறுப்பு. எனக்கு? "இன்னும் கிட்ட வா என்று கையை ஆட்டாதே. கிட்ட வேண்டுமென்றால் ஜூமைத் திருப்பு." அவ்வளவுதான் எனக்கு ஒதுக்கிய அதிகாரம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையின் தாத்தாவையே நகரச் சொல்கிறவன் நான்!

பிறகு சோதனை போட்டார். சட்டைப் பையிலிருந்த பேனா, சில்லறை, லென்ஸ் மூடி, தொப்பி எல்லாம் ஒரு டப்பாவுக்குள் போயின. லென்ஸ் ஹூட்டைக் கழற்று, காற்று பிடுங்கிக்கொண்டு போய் வாலில் அடிக்கும் என்றார். கேமரா வாரை உடம்பின் குறுக்கே மாட்டி, இன்னொரு கொக்கியால் இருக்கை வாரோடு இணைத்தார். மேலே போய் லென்ஸ் மாற்றுவது என்ற பேச்சே கிடையாது. 70-200 லென்ஸ் ஒன்றுதான்.

கப்புக்குச் சாவி இல்லை, பேட்டரி இல்லை. ஒருவர் புரொபெல்லரைக் கையால் சுண்டி இழுத்தால்தான் 65 குதிரைத் திறன் எஞ்சின் கனைக்கும். பெட்ரோல் அளவு காட்டுவதற்கு முள்ளும் கிடையாது. மூக்கிலிருக்கும் டேங்க் மூடியில் துளை போட்டு ஒரு கம்பி நிற்கும், அடியில் தக்கை. பெட்ரோல் குறையக் குறையக் கம்பி இறங்கும். கண்ணாடிக்கு எதிரிலேயே அது குதித்துக் குதித்துக் கணக்குச் சொல்கிறது. தனியாகப் பறக்கும்போது ஓட்டுகிறவர் பின் இருக்கையில்தான் உட்காரவேண்டும், எடை அப்படி. ஆகவே முன் இருக்கை எனக்கு. வலப்பக்கக் கதவு இரண்டு மடல். மேல் மடலைத் தூக்கி இறக்கையின் அடியில் மாட்டிவிடலாம், கீழ் மடல் வெளியே தொங்கும். வேகம் மிகவும் குறைந்து விமானம் தொய்யப் போகிறது என்றால் அந்தக் கீழ் மடல் தானாக மேலெழும்பும் என்று கப் ஓட்டிகள் சொல்வார்கள். பறக்கும் நேரம் முழுக்க ஒரு கண் அந்த மடல் மேல்தான் எனக்கு.

ஜூலையில் விஸ்கான்சினில் சூரியன் மறைய இரவு எட்டரை ஆகும். ஏழரை மணிக்குக் கிளம்பினோம். வெயில் தணிந்தால் காற்றும் தணியும், விமானம் குலுங்காது. வெளிச்சமும் பொன்னாக மாறும். நாங்கள் வடக்கே போனால் சூரியன் என் முதுகுப் பக்கம், டீச்சரம்மா எனக்குக் கிழக்கே, மூக்கு முதல் வால் வரை முழு வெயிலில். பெரியவர் லேசாக இடப்பக்கம் சாய்த்தால் அந்த விமானத்தின் முதுகு எனக்குத் தெரியும், வலப்பக்கம் சாய்த்தால் வயிறு. வயிறு வேண்டாம் ஐயா, ஃபிஸ்கில் நிறையப் பார்த்துவிட்டேன் என்று கத்தினேன். அவருக்குத் தமிழ் தெரியாது, சிரித்தார்.

ஷட்டர் ஸ்பீட்தான் இந்தத் தொழிலின் கழுத்தறுப்பு. ஆயிரத்தில் ஒரு நொடி வைத்தால் படம் கத்திபோல் கூர்மையாக வரும். ஆனால் புரொபெல்லரும் அசையாமல் நின்றுவிடும். எஞ்சின் அணைந்த விமானம் விழப்போகிற மாதிரி இருக்கும். கப்பின் புரொபெல்லர் நிமிடத்துக்கு 2,150 சுற்று, நொடிக்கு ஏறக்குறைய 36. அறுபதில் ஒரு நொடிக்குத் திறந்து வைத்தால் அது அரைச் சுற்றுக்கு மேல் போய்விடும். இரண்டு அலகு இருப்பதால் வட்டம் முழுசாக நிரம்பும். ஆனால் அறுபதில் ஒரு நொடிக்கு, காற்று அறைகிற இடத்தில், எஞ்சின் அதிர்கிற இரும்புச் சட்டத்துக்குப் பக்கத்தில், கை நடுங்காமல் யார் எடுப்பது? முழங்கையைச் சட்டத்தில் ஊன்றக் கூடாது, அதிர்வு நேராக லென்ஸுக்கு ஏறும். விலாவில் ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, தொடர்ச்சியாக அமுக்கிக்கொண்டே இருக்கவேண்டும். பெரும்பாலானவை குப்பைதான். ஏதோ ஒன்றிரண்டில் விமான எண் எழுத்து எழுத்தாகப் படிக்கக் கிடைக்கும். அந்த ஒன்றிரண்டு போதும்.

வ்யூஃபைண்டரில் கண்ணை வைத்ததும் ஒரு மாயம். இரண்டு விமானமும் மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் போய்க்கொண்டிருக்க, டீச்சரம்மாவின் கப் அசையாமல் தொங்கியது. கீழே வயல்தான் ஓடியது! மாட்டுப் பொங்கலன்று எங்கள் பக்கம் பார்வேட்டை நடக்கும். காஞ்சிபுரம் வரதர் பழையசீவரம் வந்து, பாலாற்றைக் கடந்து எங்கள் ஊருக்கு வர, அக்கம்பக்கத்துப் பெருமாள்களோடு சேர்த்து ஐந்து பேர் கூடுவார்கள். பல்லக்குக்கு முன்னால் பின்னோக்கி நடந்தபடியே எடுக்கவேண்டும். தூக்குகிறவர்கள் காலடியோடு என் காலடியும் சேர்ந்துவிட்டால் பெருமாள் ஃபிரேமில் அசைய மாட்டார், கூட்டம்தான் இரு பக்கமும் ஓடும். வானத்திலும் அதே கணக்குத்தான், பின்னோக்கி நடக்கிற வேலையை மட்டும் பெரியவர் எனக்காகச் செய்தார். விமானப் படத்துக்குக் கீழே கேமராக்காரன் பெயரைத்தான் போடுகிறார்கள். அநியாயம். படத்தை எடுப்பது அந்த இரண்டு ஓட்டுநர்கள். நான் கூடப் போன சாமான்.

திரும்பி வரும்போது வெளிச்சம் எதிர்ப்பக்கம் வந்துவிட்டது. இனி நல்ல படம் கிடையாது என்று கேமராவைத் தாழ்த்தப் போனேன். அப்போதுதான் டீச்சரம்மாவின் இறக்கை பற்றிக்கொண்டது போல ஒளிர்ந்தது. கப்பின் இறக்கை துணி போர்த்தியது. சூரியன் பின்னாலிருந்து ஊடுருவ, மஞ்சளுக்குள் எலும்பு எலும்பாகச் சட்டங்கள் அத்தனையும் தெரிந்தன. கத்திவிட்டேன். ஹெட்செட்டில் மைக் இருப்பது மறந்துபோயிற்று.

இறங்கியதும் கேமராத் திரையைச் சுற்றி மூன்று தலை. அந்த ஒளிர்ந்த இறக்கையைக் காட்டினேன். பெரியவர் உற்றுப் பார்த்துவிட்டு, "நீ கொஞ்சம் பின்தங்கியிருக்கிறாய்" என்றார். "நீங்கள்தான் வேகத்தைக் கூட்டினீர்கள்" என்றார் டீச்சரம்மா. எஞ்சின் மூடியில் வழிந்திருக்கும் எண்ணெய்க் கறையை அழித்துத் தர முடியுமா என்று அடுத்த கேள்வி. முகப்பரு அழிப்பதில் எனக்கு உத்திரமேரூர் வட்டாரத்தில் பெயர் உண்டு என்றேன்.

உன் ஊரைக் காட்டு என்று பெரியவர் கேட்க, போனில் வரைபடத்தைத் திறந்து திருமுக்கூடலைக் காட்டினேன். அவர் கண் கோயிலுக்குப் போகவில்லை, பாலாற்று மணலுக்குப் போனது. பெரிய டயர் மாட்டிய கப் வகை விமானங்கள் அலாஸ்காவில் ஆற்று மணல் திட்டில் இறங்குவது சர்வ சாதாரணம். கட்டைவிரலால் அகலம் அளந்தார். "எவ்வளவு நீளம்?" என்றார். "வேண்டிய மட்டும். ஜனவரியில் தண்ணீர் இல்லாவிட்டால் வாருங்கள். மாட்டுப் பொங்கலன்று மட்டும் வேண்டாம், அன்றைக்கு ஐந்து பெருமாள் வருகிறார்கள், கூட்டம் தாங்காது" என்றேன்.

"ஐந்து பேரையும் வரிசையில் விட ஃபிஸ்க் மாதிரி ஆள் இருக்கிறார்களா?" என்று கேட்டார் டீச்சரம்மா.

இருக்கிறார்கள், சட்டை மட்டும் காக்கி என்றேன்.