தீர்ப்புக்குப் பிறகு என்ன நடக்கிறது?

‘போக்சோ வழக்கில் 20 ஆண்டு சிறை’ என்று செய்தி வந்ததும் ஊர் நிம்மதி அடைகிறது. ஆனால் பாதிக்கப்பட்ட குழந்தையின் வீட்டில், குற்றவாளி எப்போது வெளியே வருவான் என்ற கேள்வி அன்றுதான் தொடங்குகிறது.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்க 2012இல் வந்த போக்சோ சட்டம் 2019இல் கடுமையாக்கப்பட்டது. 16 வயதுக்கு உட்பட்ட குழந்தையை வன்புணர்வு செய்தால் குறைந்தது 20 ஆண்டு சிறை. குழந்தைக்கு 12 வயது நிரம்பாதிருந்தாலோ, குற்றவாளி உறவினராகவோ ஆசிரியராகவோ காவலராகவோ இருந்தாலோ ஆயுள் சிறைக்கும் மரண தண்டனைக்கும்கூட இடமுண்டு. இங்கே ஆயுள் என்பது சாகும்வரை என்று சட்டமே சொல்கிறது.

பலரும் கவனிக்காத இடம் வேறு. எட்டு வயதுச் சிறுமியிடம் ஒரு உறவினர் பாலியல் நோக்கத்தோடு தொட்டு அத்துமீறினால், அதற்கான பிரிவில் தண்டனை 5 முதல் 7 ஆண்டு வரைதான். விசாரணைக் காலத்தில் சிறையிலிருந்த நாள்களும் அதில் கழிந்துவிடும். அவள் பள்ளிப் படிப்பை முடிப்பதற்குள் அவன் அதே தெருவுக்குத் திரும்பிவிடலாம்.

சிறையிலிருந்து வெளியே வர மூன்று வழிகள் உண்டு. மூன்றையும் ‘பரோல்’ என்றே நாம் குழப்பிக்கொள்கிறோம். பரோல் தற்காலிகமானது, தமிழ்நாட்டுச் சிறை விதிகள் அதை விடுப்பு என்கின்றன. நெருங்கிய உறவினர் இறப்பு போன்றவற்றுக்கு அவசர விடுப்பு, மற்றவற்றுக்குச் சாதாரண விடுப்பு. அடுத்தது, நன்னடத்தைக்காகவும் சிறையில் செய்யும் வேலைக்காகவும் கிடைக்கும் தண்டனைக் குறைப்பு. போதைப்பொருள் சட்டத்தில் இந்தச் சலுகைக்கு நேரடித் தடை இருக்கிறது. போக்சோவில் அப்படி ஒரு பிரிவு இல்லை. மூன்றாவது, அரசு ஆணையால் வரும் முன்விடுதலை. மரண தண்டனைக்கும் இடமுள்ள குற்றத்துக்காக ஆயுள் சிறை பெற்றவரை 14 ஆண்டுக்கு முன் இப்படி விடுவிக்க முடியாது. ஆளுநர், குடியரசுத் தலைவரின் அரசமைப்பு அதிகாரம் இந்த வரம்புக்கு அப்பாற்பட்டது. சுதந்திரத்தின் 75ஆம் ஆண்டையொட்டி மத்திய அரசு அறிவித்த சிறப்புத் தண்டனைக் குறைப்பில் போக்சோ கைதிகள் சேர்க்கப்படவில்லை. அது சரியான முடிவு.

முன்விடுதலை எவ்வளவு தவறாகப் போகலாம் என்பதைப் பில்கிஸ் பானு வழக்கு காட்டியது. 2002 குஜராத் கலவரத்தில் அவர் கூட்டு வன்புணர்வுக்கு ஆளானார். மூன்று வயது மகள் கொல்லப்பட்டாள். தண்டனை பெற்ற 11 பேரை குஜராத் அரசு 2022 ஆகஸ்ட் 15 அன்று விடுவித்தது. தண்டனை விதிக்கப்பட்ட மகாராஷ்டிரத்துக்கே அந்த அதிகாரம் உண்டு என்று கூறி, 2024 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்துசெய்தது. விடுதலைக்கு முன் தன் பாதுகாப்பைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை என்று பில்கிஸ் சொல்லியிருந்தார். என்னை அதிகம் உறுத்துவது அதுதான்.

கடுமை மட்டுமே தீர்வு என்றும் நான் நம்பவில்லை. வளரிளம் பருவக் காதல் போக்சோ வழக்காக மாறினாலும் நீதிபதி குறைந்தபட்ச தண்டனைக்குக் கீழே போக முடியாது. அப்படியொரு மேற்கு வங்க வழக்கில் உச்ச நீதிமன்றம் 2025 மே மாதம் தன் சிறப்பு அதிகாரத்தைப் பயன்படுத்தித்தான், குற்றவாளி என்று உறுதியானவருக்குத் தண்டனை இல்லாமல் விட முடிந்தது.

விடுதலை விஷயத்தில் குழந்தையின் குடும்பத்துக்கு ஒரு பிடிமானம் இருக்கிறது. குற்றவாளியின் பிணை, விடுதலை, காவல் நிலவரத்தைக் குழந்தைக்கும் பெற்றோருக்கும் போலீஸ் தெரிவிக்க வேண்டும் என்று 2020 போக்சோ விதிகள் சொல்கின்றன. தீர்ப்பு வந்த கையோடு இந்த விதியைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம். அதன் நகலைச் சிறைக் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பலாம். விடுப்புக்கு முன் நன்னடத்தை அலுவலரோ போலீசாரோ விசாரிக்க வந்தால், அச்சத்தைத் தயங்காமல் சொல்லிப் பதிவுசெய்யச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் அழைக்க, குழந்தைகள் உதவி எண் 1098 எந்நேரமும் இயங்கும்.