எண்பது வயதுக் கல்லீரல்

2024-இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் 98 வயதில் இறந்த முன்னாள் ராணுவ வீரர் ஒருவரின் கல்லீரல், 72 வயதுப் பெண்ணுக்குப் பொருத்தப்பட்டது. உலகமெங்கும் இது வியப்புச் செய்தியானது. இத்தாலிய, ஸ்பானிய அறுவை மருத்துவர்கள் அவ்வளவு வியந்திருக்க மாட்டார்கள். எண்பது கடந்தவர்களின் கல்லீரலை அவர்கள் பல ஆண்டுகளாகவே எடுத்துப் பொருத்தி வருகிறார்கள். சாலை விபத்தில் இறக்கும் இளைஞர்கள் அங்கே குறைவு. பக்கவாதத்தால் மூளைச்சாவு அடையும் முதியவர்களே அதிகம். வேறு வழியில்லாமல் தொடங்கிய பழக்கம்தான். ஆனாலும் கொடையாளரின் பிறந்த தேதியை மட்டும் பார்த்து ஒரு கல்லீரலைத் தள்ளக் கூடாது என்பதை அது காட்டிவிட்டது.

உடலின் உறுப்புகளெல்லாம் ஒரே வேகத்தில் கிழடு தட்டுவதில்லை. அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கலந்த கதிரியக்கக் கார்பனை அளவுகோலாக வைத்து, ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஆய்வாளர்கள் மனிதக் கல்லீரல் செல்களின் வயதைக் கணக்கிட்டார்கள். 2022-இல் வெளிவந்த முடிவு இது: ஆளுக்கு இருபது வயதானாலும் எண்பதானாலும், அவர் கல்லீரல் செல்களின் சராசரி வயது மூன்று ஆண்டுகூட இல்லை. இதயத்தசைக்கு இந்தக் கொடுப்பினை கிடையாது.

அப்படியானால் முதியவர் கல்லீரலும் இளைஞர் கல்லீரலும் ஒன்றா? இல்லை. 2006-இல் அமெரிக்காவில் வெளியான கொடையாளர் அபாயக் குறியீட்டின்படி, எழுபது கடந்தவரின் கல்லீரல் செயலிழக்கும் அபாயம், நாற்பதுக்குக் கீழ் உள்ளவருடையதைப்போல 1.65 மடங்கு. மறுக்க முடியாத கணக்கு. ஆனால் அந்த அபாயம் எதிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செல்கள் புதுப்பிக்கப்பட்டாலும், அவற்றுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனி தடித்திருக்கலாம். கொழுப்பு படிந்திருக்கலாம். ஐஸ் பெட்டியில் நெடுநேரம் கிடப்பதை முதிய கல்லீரல் தாங்காது. அடி முதலில் விழுவது பித்தநாளத்தில். இவையெல்லாம் கண்டறியவோ குறைக்கவோ கூடியவை. ஹெபடைட்டிஸ் சி இன்னொரு பெரிய காரணம். அந்தக் கிருமி உள்ள நோயாளிக்கு முதிய கல்லீரலைப் பொருத்தினால் புது உறுப்பையும் வேகமாக அரித்துவிடும். 2013-க்குப் பின் வந்த மாத்திரைகள் அந்தக் கிருமியைச் சில வாரங்களில் ஒழித்துவிடுகின்றன. ஆக, பழைய கணக்கின் ஒரு பகுதி இன்று செல்லாது.

1990 முதல் 2022 வரை அமெரிக்காவில் பொருத்தப்பட்ட 2,53,406 கல்லீரல்களில், கொடையாளர் உடலிலும் பெற்றவர் உடலிலுமாக மொத்தம் நூறாண்டு உழைத்தவை 25. பொறுக்கி எடுத்தவற்றை வைத்து வாதாடலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, ஆனால் பொறுக்கி எடுக்க முடியும் என்பதுதானே இங்கே வாதம். கொழுப்பும் சர்க்கரை நோயும் இல்லாத கொடையாளர், பக்கத்து ஊர் மருத்துவமனை, விரைவான அறுவை என்று பார்த்துத் தேர்ந்தால் எண்பது வயது தடையில்லை.

தேர்வுக்கு இப்போது ஒரு கருவியும் துணைக்கு வந்திருக்கிறது. கல்லீரலை ஐஸில் போடாமல், உடல் வெப்பத்தில், குழாய்கள் வழியே ரத்தம் பாய்ச்சிப் பெட்டிக்குள் உயிர்ப்போடு வைக்கிறார்கள். வெளிறிக் கிடந்த உறுப்பு செம்மை ஏறி, மெல்லப் பித்தம் சுரக்கத் தொடங்கும். ரத்தத்திலுள்ள லாக்டிக் அமிலம் சில மணி நேரத்தில் இறங்கினால் கல்லீரல் வேலை செய்கிறது என்று பொருள். இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில், எல்லா மையங்களும் ஒதுக்கிய 31 கல்லீரல்களை இப்படிச் சோதித்து 22-ஐப் பொருத்தினார்கள். 90 நாள் கழித்து 22 பேரும் உயிரோடு இருந்தார்கள். பின்னாளில் நால்வருக்குப் பித்தநாளம் சுருங்கி மறுபடி மாற்று அறுவை தேவைப்பட்டதையும் சொல்லியாக வேண்டும். இயந்திரம் செல்லைச் சோதிக்கிறது. பித்தநாளத்தின் கேட்டை அது முழுதும் பிடித்துவிடவில்லை.

குறையுள்ள உறுப்பை நோயாளிக்குக் கொடுப்பது அநீதியல்லவா? அவருக்குச் சொல்லாமல் கொடுத்தால் அநீதிதான். ஆனால் காத்திருப்போர் பட்டியலில் இருப்பவர் இளைஞரின் கல்லீரலையும் முதியவரின் கல்லீரலையும் முன்னால் வைத்துக்கொண்டு யோசிப்பதில்லை. முதியவருடையதை மறுத்தால், அடுத்தது வரும்வரை அவர் உயிரோடிருப்பாரா என்பதே கேள்வி. வயிற்றில் நீர் கோத்து, ரத்த வாந்தி எடுப்பவருக்குச் சில மாதங்களே பெரிய காலம்.

இந்தியாவில் 18 வயது நிரம்பிய எவரும் உறுப்புக் கொடைக்கு உறுதிமொழி தரலாம். அதற்கு மேல்வரம்பு இல்லை. உறுப்பு தகுமா என்பதை அந்த நேரத்தில் மருத்துவர்கள் சோதித்துச் சொல்வார்கள். வீட்டுப் பெரியவர்கள் “எனக்கு வயசாயிடுச்சு, என்னுடையது யாருக்கு ஆகும்” என்று ஒதுங்க வேண்டாம். தங்கள் விருப்பத்தைப் பிள்ளைகளிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.