எண்ணத் தெரிந்த ஸ்படிகக் கல்

உங்கள் வீட்டு டிஜிட்டல் கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கேட்டுப் பாருங்கள். ‘டிக் டிக்’ சத்தம் கிடையாது. பெண்டுலம் இல்லை, முள் இல்லை, சாவி கொடுக்கும் வேலையும் இல்லை. ஆனாலும் மணி 6-30 என்று பளிச்சென்று காட்டுகிறது. அதை நம்பித்தான் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கிளப்புகிறீர்கள். வீட்டுப் பெரியவர்களுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுக்கிறீர்கள். அந்தச் சின்னப் பெட்டிக்குள் என்னதான் நடக்கிறது?

உண்மையைச் சொன்னால் அதற்கு ஒரே ஒரு வித்தைதான் தெரியும். எண்ணுவது!

எதை எண்ணுகிறது? ஸ்படிக மாலை பார்த்திருப்பீர்கள். கடிகாரத்தின் முகப்பில் ‘குவார்ட்ஸ்’ என்று எழுதியிருக்கிறதே, அதுவும் அந்த ஸ்படிக ஜாதிதான். இந்தக் கல்லை அழுத்தினால் அதில் மின்சாரம் தோன்றும். 1880-ல் பிரான்ஸ் தேசத்துச் சகோதரர்களான ஜாக் க்யூரியும் பியர் க்யூரியும் இதைக் கண்டுபிடித்தார்கள். (ரேடியம் புகழ் மேரி க்யூரி அம்மையாரின் கணவர்தான் இந்தப் பியர்.) அதே கல்லுக்கு மின்சாரம் கொடுத்தால், அது அதிரத் தொடங்கும். இந்தக் குணத்தைக் கொண்டு 1927-ல் அமெரிக்காவில் வாரன் மாரிஸன் என்பவர் முதல் குவார்ட்ஸ் கடிகாரத்தைச் செய்தார்.

இன்றைய கடிகாரத்தில் இருப்பது சில மில்லிமீட்டர் நீளமுள்ள துண்டு. பாட்டரி மின்சாரம் பட்டதும் அது விநாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. ‘இதென்ன வேடிக்கையான கணக்கு?’ என்கிறீர்களா? அதைப் பாதியாக்கிக்கொண்டே போங்கள். 16,384, 8,192, 4,096... பதினைந்தாவது தடவை சரியாக 1 வந்து நிற்கும். உள்ளே இருக்கும் ‘சில்லு’ செய்வதும் இதைத்தான். அந்தக் கடைசி ஒன்றுதான் ஒரு விநாடி! அறுபது சேர்ந்தால் ஒரு நிமிஷம், அறுபது நிமிஷம் சேர்ந்தால் ஒரு மணி என்று அது கணக்கு வைத்துக்கொள்கிறது.

ஏழே கோடுகள்

எண்ணியதை நமக்குக் காட்ட வேண்டுமே? ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு சிறு கோடுகள் உண்டு. ஏழும் தெரிந்தால் 8. நடுக்கோடு மறைந்தால் 0. வலப் பக்கத்து இரண்டு மட்டும் தெரிந்தால் 1.

1972-ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ‘பல்ஸார்’ என்ற கைக்கடிகாரத்தில் இந்த எண்கள் சிவப்பு விளக்குகளாக எரிந்தன. தங்க உறை போட்ட அதன் விலை 2,100 டாலர்! ஆனால் விளக்குகள் பாட்டரியைக் குடித்துத் தீர்த்துவிடும் என்பதால், பொத்தானை அமுக்கினால்தான் மணி தெரியும். கையில் சாமான் பை இருந்தால் மணி பார்க்க முடியாது! பின்னர் வந்த திரவப் படிகக் கடிகாரங்களில் இந்தத் தொல்லை இல்லை. அவற்றின் கோடுகள் எரிவதே இல்லை; மின்சாரம் பட்ட இடத்தில் வெளிச்சத்தை மறைத்துக் கறுப்பாகத் தெரிகின்றன. ஆகவே ஒரு சின்ன பாட்டரியே வருஷக் கணக்கில் வருகிறது.

ஆறு நிமிஷம் எங்கே போயிற்று?

எல்லா டிஜிட்டல் கடிகாரமும் கல்லை எண்ணுவதில்லை. சுவரில் செருகும் கடிகாரங்களிலும் அடுப்புகளில் உள்ள கடிகாரங்களிலும் சில, மின்சாரக் கம்பியில் வரும் அலைகளை எண்ணுகின்றன. விநாடிக்கு 50 அலை வர வேண்டும். 2018-ல் கொசோவோவுக்கும் ஸெர்பியாவுக்கும் தகராறு ஏற்பட்டு, ஐரோப்பிய மின்தொடரில் சேர வேண்டிய மின்சாரம் குறைந்துபோயிற்று. அலைகள் 50-க்குப் பதில் சராசரியாக 49.996 ஆயின. இம்மியளவு குறைவுதான். ஆனால் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள், 25 நாடுகளில் அப்படிப்பட்ட கடிகாரங்கள் ஏறக்குறைய ஆறு நிமிஷம் பின்தங்கிவிட்டன! எங்கோ நடந்த சண்டைக்கு யார் வீட்டு அடுப்பிலோ மணி தப்பியது. கடிகாரம் ஒழுங்காகத்தான் எண்ணியது; அது எண்ணிய பொருள்தான் பிசகிவிட்டது.

குவார்ட்ஸ் கடிகாரமும் மாதத்துக்குச் சில விநாடிகள் முன்பின் ஆகலாம். அதைவிடக் கவனிக்க வேண்டியது கோடுகளை. மேல் வலப் பக்கக் கோடு ஒன்று பழுதானால் 9 என்பது 5 போலத் தெரியும். உச்சிக்கோடு போனால் 7 என்பது 1 ஆகிவிடும். மருந்து வேளையில் இது விளையாட்டல்லவே!

இதற்கு ஒரு சுலபமான பரீட்சை இருக்கிறது. என்றைக்காவது ஒருநாள், எட்டு மணி எட்டு நிமிஷத்துக்குக் கடிகாரத்தைப் பாருங்கள். இரண்டு எட்டுகளும் ஏழு கோடுகளோடு முழுசாகத் தெரிகின்றனவா? நடுவில் உள்ள பூஜ்யத்தில் ஆறு கோடுகள் இருக்கின்றனவா? இருந்தால் கவலையில்லை. இல்லையென்றால், மருந்துப் புட்டியைக் கையில் எடுக்குமுன் வேறொரு கடிகாரத்தையும் பார்த்துவிடுங்கள். கரண்ட் போய் வந்த நாளிலும் அப்படியே செய்யுங்கள். அன்றைக்கு 12-00 என்று கண் சிமிட்டிக்கொண்டிருக்கும் கடிகாரத்துக்கு, எங்கிருந்து எண்ண வேண்டும் என்பதை நீங்கள்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும்.